காயசண்டிகையின் உருவத்தில்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய நாவலின் பன்னிரண்டு அத்தியாயங்களையும் இரண்டு முறை படித்தேன். மூன்று தலைமுறைப் பெண்களையும் அவர்கள் காத்துவரும் மந்திரங்களையும் நீ எழுதியிருக்கும் விதம் எனக்கு நிறைவளித்தது. ஆனால் மாயமும் காதலும் கதையில் தாமாகவே பொருந்திவிட்டன என்றும், அரசியல் மட்டும் வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறது என்றும் நீ வருந்தியிருந்தாய். அதைப் பற்றியே சில நாட்களாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நீ சிறுமியாக இருந்தபோது மணிமேகலைக் காப்பியத்தின் கதையை உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியையும், அதில் ஆதிரை இட்ட முதல் பிச்சையையும் சொல்லிவிட்டு, அவளை விரும்பிய சோழ இளவரசன் உதயகுமரனின் கொலையை ஒவ்வொரு முறையும் விட்டுவிடுவேன். உறங்கப் போகும் குழந்தைக்கு அது வேண்டாம் என்று நினைத்தேன். உன் நாவலுக்கு வேண்டியது நான் விட்டுவிட்ட அந்தப் பகுதிதான் என்று இப்போது தோன்றுகிறது.

மணிமேகலைக்கு மாயம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார். கடலில் மரக்கலம் உடைந்து தவித்த கோவலனின் முன்னோர் ஒருவரை மணிமேகலா தெய்வம் காப்பாற்றியது. அந்த நன்றியை மறவாமல்தான் கோவலன் தன் மகளுக்கு அத்தெய்வத்தின் பெயரைச் சூட்டினான். பின்னாளில் அதே தெய்வம் உறங்கிக்கொண்டிருந்த அவளை மணிபல்லவத் தீவுக்கு எடுத்துச் சென்று, வேற்றுருவம் கொள்ளவும், வானில் செல்லவும், பசியைப் போக்கவும் மூன்று மந்திரங்களை அருளியது. ஆகவே அவளுடைய மாயம் வழிவழியாக வந்த சொத்து, ஒரு குடும்பக் கடனின் தொடர்ச்சி. உன் கதையில் பாட்டிக்கு மந்திரம் எப்படிக் கிடைத்தது என்பதற்கு நீ ஒரு வரிகூட ஒதுக்கவில்லை.

காதலும் அப்படித்தான் வருகிறது. தன்னைப் பொருள் விலையாட்டி, அதாவது பொருளுக்கு விலைபோகிறவள், என்று இகழ்ந்த இளவரசனின் பின்னே தன் நெஞ்சம் போய்விட்டதை மணிமேகலை தன் தோழி சுதமதியிடம் மறைக்காமல் சொல்கிறாள். அவன் முற்பிறப்பில் தன் கணவனாயிருந்த இராகுலன் என்பதை மணிபல்லவத்தில் அறிந்துகொள்கிறாள். அறிந்த பிறகும் அவனை ஏற்கவில்லை. அவனை விட்டு விலகவே, சாபத்தால் தீராப் பசி கொண்டிருந்த காயசண்டிகை என்பவளின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். உன் நாயகியும் திருமணத்துக்கு முந்தைய இரவில் உருவம் மாறித் தப்பிக்கிறாள். அடுத்த அத்தியாயத்தில் அவள் பத்திரமாக வேறு நாட்டில் இருக்கிறாள், அவ்வளவுதான். மணிமேகலையை இயற்றிய சாத்தனார் அப்படி விடவில்லை. பன்னிரண்டு ஆண்டு தீராப் பசியில் உழன்ற மனைவியைத் தேடி வந்த காஞ்சனன், அவளுடைய உருவத்தில் இருந்தவள் ஓர் இளவரசனிடம் பேசிக்கொண்டிருப்பதைக் காண்கிறான். ஒரு மூதாட்டியைக் காட்டி, உடலின் அழகு நிலையாது என்றுதான் அவள் உதயகுமரனுக்கு எடுத்துரைத்துக்கொண்டிருந்தாள்; காஞ்சனனின் கண்ணுக்கு அது வேறாகத் தெரிந்தது. அன்றிரவு அவன் வாள் வீச, இளவரசன் இறந்தான். தன்னைக் காத்துக்கொள்ள அவள் ஏற்ற உருவமே அவனைக் கொன்றது. தன்னுருவம் மீண்டு அழுதபடி அவன் உடலை நெருங்கியவளை, தூணில் அமைந்த தெய்வப் பாவையான கந்திற்பாவை ‘செல்லல் செல்லல்’ (போகாதே, போகாதே) என்று தடுக்கும் இடத்தை இந்த வயதிலும் என்னால் ஒரே மூச்சில் படித்துக் கடக்க முடிவதில்லை.

நீ தேடும் அரசியல் இங்கேதான் உள்ளே வருகிறது. அதே காயசண்டிகையின் உருவத்தில் சிறைக்கோட்டம் புகுந்து கைதிகளின் பசி தீர்த்தவள் அவள். சோழ மன்னனிடம் வேண்டி அந்தச் சிறையை அறவோர் வாழும் கோட்டமாக மாற்றச் செய்தவளும் அவளே. கொலை நடந்த பின் அவளைக் காவலில் வைக்கும்படி அதே மன்னன் ஆணையிட்டபோது, ‘கணிகை மகள்’ என்றே அவளைக் குறிப்பிட்டான். அவள் குடிப்பிறப்பை அரசு மறக்கவில்லை. மகனை இழந்த அரசி அவளைக் காவலிலிருந்து விடுவிப்பதுபோல் தன்னிடம் அழைத்துச் சென்று, பழிவாங்கக் கொடுமைகள் செய்தாள். நாட்டின் அரசியல் அங்கே ஒரு தாயின் துக்கமாக நிற்கிறது.

மணிமேகலையின் தாய் மாதவி சொன்னதையும் உனக்கு நினைவூட்ட வேண்டும். ஆடற்கலைக்கு மகளை அனுப்பும்படி ஊர் நெருக்கியபோது, இவள் பேரூரை எரியூட்டிய ‘மாபெரும் பத்தினி மகள்’ என்று அவள் அறிவித்தாள். கணிகையர் குலத்தில் பிறந்தவளைக் கண்ணகியின் மகளாக்கிய அந்த ஒரு சொல், ஊர் விதித்த முறைக்கு எதிரானது என்றே நான் கருதுகிறேன். அந்தக் கண்ணகியும் தப்பவில்லை. சேரர் தலைநகரான வஞ்சியில் தன் சிலைமுன் நின்ற மணிமேகலையிடம், மதுரையை எரித்த சினத்தின் பாவம் தன்னை வந்து அடையாமல் போகாது என்று அவளே சொல்கிறாள்.

ஆகவே ஒன்பதாம் அத்தியாயத்தை மட்டும் மறுபடி எழுதிப் பார். உன் நாயகி தப்பித்த இரவில் அவள் எடுத்துக்கொண்ட முகம் யாருடையது, அந்த முகத்துக்கு உரியவளைத் தேடிக்கொண்டிருப்பவர் யார் என்பதை முடிவு செய்துவிட்டு எழுது. எழுதியதும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா