முப்பது தாண்டியவர் பட்டம் படிக்க யாரிடம் போய்க் கேட்பது? மதுரை மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்லூரில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் என் கடை வாசலில் பிள்ளைகளும் பெற்றோரும் நிற்பார்கள். அவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. பள்ளியில் ஆசிரியர் சொல்கிறார், மாவட்ட நிர்வாகமே ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சி நடத்தி எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, என்ன உதவித்தொகை என்று எடுத்துச் சொல்கிறது. நல்ல காரியம்.

என் கவலை இன்னொரு கூட்டத்தைப் பற்றி. கூட்டம் என்று சொல்லக்கூட முடியாது, ஒவ்வொருவராகத்தான் வருவார்கள். இரவு எட்டு மணிக்கு மேல், தறி நிறுத்திய பிறகு, தையல் கடை பூட்டிய பிறகு. அங்கன்வாடி உதவியாளர், மினி பஸ் கண்டக்டர், தனியார் பள்ளியில் ஆயா வேலை பார்க்கும் அக்கா, அப்பளக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். வயது முப்பதிலிருந்து ஐம்பது வரை இருக்கும். பிள்ளையின் உதவித்தொகை விண்ணப்பத்தை முடித்துவிட்டு, கிளம்பும்போதுதான் கேட்பார்கள்: “ஏன் தம்பி, எங்க வயசுக்கெல்லாம் டிகிரி படிக்கச் சேத்துக்குவாங்களா?”

சேர்த்துக்கொள்வார்கள். வயதை நினைத்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள், உண்மையில் வயதுதான் சின்னப் பிரச்சினை. ரெகுலர் கல்லூரியில் இளநிலைப் பட்டத்துக்கு வயது வரம்பு குறுக்கே வரும், அது சரி. ஆனால் வீட்டிலிருந்தே படிக்கும் தொலைநிலையிலும், முன்படிப்பைக் கறாராகக் கேட்காத திறந்தநிலையிலும் மேல் வயது வரம்பு கிடையாது. சட்டப் படிப்புக்கு, வழக்கறிஞர்களுக்கான அமைப்பான பார் கவுன்சில் வைத்த வயது வரம்பை 2017-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. டாக்டர் படிப்புக்கான நீட் தேர்விலேயே மேல் வயது வரம்பை 2022-ல் எடுத்துவிட்டார்கள். எங்கள் தெரு அக்கா நீட் எழுதப் போவதில்லைதான், ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

நிஜமான சிக்கல் படிப்பின் வரிசையில் இருக்கிறது. அதை இந்த ஊரில் முன்கூட்டியே சொல்ல ஆள் இல்லை என்பதுதான் நான் இந்த மடலை எழுதக் காரணம்.

என் கடைக்கு வருகிற ஒருவரின் கதையைச் சொல்கிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தி மில்லுக்குப் போனவர். யாரோ சொல்லி, ப்ளஸ் டூ இல்லாமலே திறந்தநிலை முறையில் நேராகப் பட்டப்படிப்பில் சேர்ந்தார். இரவு ஷிப்டு முடித்துவிட்டு ஞாயிறு வகுப்புக்குப் போய், அரியர் எழுதி, ஒருவழியாக பி.ஏ. வாங்கினார். அப்புறம் பட்டதாரிகளுக்கான அரசுத் தேர்வு எழுதி, தேறியும்விட்டார். சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டார்கள். பத்தாவது இருக்கிறது, டிகிரி இருக்கிறது, ப்ளஸ் டூ எங்கே என்று கேட்டார்கள். அத்தோடு முடிந்தது. அந்த பி.ஏ. சான்றிதழை இப்போதும் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார். ஜெராக்ஸ் எடுக்கத்தான் அதற்கு வேலை இல்லை.

விதி ஒளிவுமறைவானது இல்லை. பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் அரசாணை எண் 107, நாள் 18.8.2009. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறிய பிறகு வாங்கிய திறந்தநிலைப் பட்டம்தான் தமிழ்நாடு அரசுப் பணிக்குச் செல்லும். பத்து, அப்புறம் இரண்டு, அப்புறம் மூன்று என்கிற வரிசை. டிகிரியை முடித்துவிட்டுப் பின்னால் ப்ளஸ் டூ எழுதி ஓட்டையை அடைக்கலாம் என்று நினைத்தால் வரிசை தப்பிவிடும். சட்டப் படிப்பிலும் இதே கதைதான்: அடிப்படைத் தகுதி இல்லாமல் திறந்தநிலை வழியாக நேரே பட்டம் வாங்கியவரைச் சட்டக் கல்லூரியில் சேர்க்கக் கூடாது என்று பார் கவுன்சில் விதி சொல்கிறது. ஆனால் இதெல்லாம் ஒரு விண்ணப்பதாரருக்கு எப்போது தெரிய வருகிறது? கடைசி மேசையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி கோப்பைத் திருப்பித் தரும்போது. முதல் விண்ணப்பத்தின் தலையில் இதை யாரும் அச்சடித்துத் தருவதில்லை.

இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஆயத்தப் படிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பி.பி.பி. என்பார்கள். ஆறு மாதம், பதினெட்டு வயது ஆகியிருந்தால் போதும், ப்ளஸ் டூ கேட்க மாட்டார்கள், முடித்ததும் பி.ஏ.வில் சேரலாம். படிக்க வேண்டும், அறிவு வேண்டும், சொந்தத் தொழிலுக்கு வேண்டும் என்கிறவருக்கு அருமையான வழி, நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அது பன்னிரண்டாம் வகுப்புக்கு இணை கிடையாது. மாநில அரசு வேலை கனவில் இருப்பவர் அதில் கால் வைத்தால் மேலே சொன்ன மில் தொழிலாளியின் கதைதான். ஒரே படிப்பு ஒருவருக்கு வரம், இன்னொருவருக்குக் கண்ணி. ஆக, “நீங்கள் எதற்காகப் படிக்கிறீர்கள்?” என்ற கேள்வியை விண்ணப்பம் நிரப்புவதற்கு முன் யாராவது கேட்டாக வேண்டும். ஜெராக்ஸ் கடைக்காரன் கேட்கிற கேள்வியாக அது இருக்கக் கூடாது, சார்.

அரசு வேலை நினைப்பு இருப்பவருக்குப் பத்தாவதையும் ப்ளஸ் டூவையும் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமல், எழுதுவதுதான் பத்திரமான பாதை என்பது என் கருத்து. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பத்தாவதைத் தனித்தேர்வராக முதன்முறை எழுதுகிறவர், பொதுத்தேர்வுக்கு விண்ணப்பிப்பதற்கு வெகு முன்னாலேயே அறிவியல் செய்முறை வகுப்புக்குப் பெயர் பதிந்து, அந்த வகுப்புக்குப் போயிருக்க வேண்டும். அறிவிப்பு ஒரு பத்திரிகையின் மூலையில் வரும், போகும். தேர்வுக்குப் பணம் கட்ட ஆசையோடு வரும்போது “செய்முறைக்குப் பதிஞ்சீங்களா?” என்றால் முகம் வாடிவிடும். ஒரு வருடம் போச்சு. நாற்பது வயதுக்காரருக்கு ஒரு வருடம் என்றால், வீட்டில் “போதும் விடு” என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று பொருள். அந்தத் தேதியை ரேஷன் கடைப் பலகையில் ஒட்டினால் என்ன செலவு ஆகிவிடும்?

தேசிய திறந்தநிலைப் பள்ளி இன்னொரு வழி. ஐந்து பாடம், ஒருமுறை பதிந்தால் ஐந்து வருடம், ஒன்பது வாய்ப்பு. வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த நிதானம் பிடிக்கும். மாநில வேலைக்குப் போகிறவர் மட்டும், இது மாநிலப் பள்ளிப் படிப்புக்கு இணை என்று காட்டும் சான்று விஷயத்தை முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். அதன் ஒரு தேர்வு ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. சித்திரைத் திருவிழாவும் அப்போதுதான். அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் கோரிப்பாளையத்தைத் தாண்டித் தேர்வு மையத்துக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். பத்தாவது முடித்து இரண்டு வருட ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு இன்னும் சுருக்கமான வழி உண்டு: தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழித்தாள்களை எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாகிவிடும். எங்கள் பக்கத்து லேத் பட்டறைகளில் ஐ.டி.ஐ. முடித்தவர் எத்தனையோ பேர், அவர்களில் இது தெரிந்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

பட்டப்படிப்புக்கு வந்துவிட்டால் மதுரைக்குக் குறைவே இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971-லேயே அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தின் மண்டல மையம் சிக்கந்தர் சாவடியில் இருக்கிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் இங்கே மண்டல மையம் உண்டு. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் மறுபடியும் தெளிவாகச் சொன்னது. ஆனால் எல்லாப் படிப்பும் வீட்டிலிருந்து படிக்க முடியாது. சட்டம், நர்சிங், பார்மசி, பொறியியல் எல்லாம் நேரில் போய்த்தான். இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தின் பி.எட். ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவருக்குத்தான். “தபால்ல பி.எட். போட்டுருங்க” என்று வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

அப்புறம் சுவர் விளம்பரங்கள். பத்தாவது பெயிலா, கவலை வேண்டாம், ஒரே வருடத்தில் டிகிரி என்று மின்கம்பத்துக்கு மின்கம்பம் தொங்குகிறது. மூன்று வருடப் பட்டத்தை ஒரு வருடத்தில் தரத் தொலைநிலைக் கல்வி விதிகளில் இடமே இல்லை. படிப்பு மையத்தை இன்னொருவருக்கு ஏஜென்சி விடுவதற்கும் தடை. வேறு மாநிலத்து மாநிலப் பல்கலைக்கழகம் இங்கே தொலைநிலை மையம் நடத்தவும் கூடாது. விதி இவ்வளவு கறாராக இருக்கும் ஊரில்தான் அந்த விளம்பரமும் தொங்குகிறது. சேமிப்புச் சீட்டுப் பணத்தை அங்கே கட்டிவிட்டு, ரசீதைக் கொண்டுவந்து “இது நல்ல யுனிவர்சிட்டியா தம்பி?” என்று என்னிடம் காட்டுகிறார்கள்.

சரி, வழி தெரிந்து, நல்ல பல்கலைக்கழகமும் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. இனி விண்ணப்பம். 2024 முதல் தொலைநிலையில் சேர டெப் ஐடி (மானியக் குழுவின் தொலைநிலைப் பிரிவு தரும் எண்) வேண்டும், அதற்கு ஏபிசி ஐடி (படிப்பின் மதிப்பீட்டுப் புள்ளிகளைச் சேர்த்துவைக்கும் கணக்கு எண்) வேண்டும், அதற்கு டிஜிலாக்கர் (சான்றிதழ்களை வைக்கும் அரசுச் செயலி), அதற்கு ஆதார் ஓடிபி. பத்தொன்பது வயதுப் பையன் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறான். நாற்பது வயதுப் பெண்ணின் ஆதாரில் இருப்பது வீட்டுக்காரரின் செல் நம்பர், அதுவும் அவர் திருப்பூரில் வேலைக்குப் போய் மாற்றிவிட்ட பழைய நம்பர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர். சான்றிதழே தொலைந்திருந்தால் காவல்துறைப் புகார், இரண்டாம்படிச் சான்றிதழ் என்று வேறு அலைச்சல். கடையில் என் நாற்காலியில் உட்கார்ந்து, ஓடிபி வராத திரையைப் பார்த்துவிட்டு, “சரி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் தொலைநிலையில் படிப்பவருக்குக் கிடையாது. அது கோட்டையில் முடிவாக வேண்டிய விஷயம், உங்கள் கையில் இல்லை என்று தெரியும்.

உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன். நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அங்கே நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே ஒரு மேசை போட ஏற்பாடு செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும், மற்ற நாளில் மாலையில். வேலை நாள் பகல் பதினோரு மணிக்கு வைத்தால் தறிக்காரர் எவரும் வர மாட்டார், அரைநாள் கூலி போகும். அரசுத் தேர்வுகள் துறையிலிருந்து ஒருவர், பல்கலைக்கழக மையங்களிலிருந்து முறை வைத்து ஒருவர் உட்காரட்டும். எந்த ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஆள் பிடிக்கிற மேசையாக ஆகிவிடக் கூடாது, அதனால்தான் மாவட்ட நிர்வாகத்தைக் கேட்கிறேன். டிசம்பரிலும் ஜூனிலும், சேர்க்கை தொடங்கும் முன்னால், அதே இடத்தில் ஆதார் செல் நம்பர் மாற்றும் முகாமும் ஒன்று நடக்கட்டும். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி தாலுகா அலுவலகங்களில் மாதம் ஒரு ஞாயிறு போதும்.

மதுரையில் மையம் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களுக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதமும் போகட்டும். பன்னிரண்டாம் வகுப்பு இல்லாமல் சேருகிறவரின் விண்ணப்பத்தில், கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே, அரசாணை 107 என்ன சொல்கிறது என்று தமிழில் நான்கு வரி அச்சடியுங்கள் என்று கேளுங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டால் பயன் இல்லை.

எங்கள் பகுதியில் அந்த மேசைக்கான விளம்பரத் தாளைக் காசு வாங்காமல் என் கடையில் அடித்துத் தருகிறேன். தாள் மட்டும் அலுவலகத்திலிருந்து கொடுத்தனுப்பினால் நல்லது, இப்போது விற்கிற விலைக்கு.

இப்படிக்கு,
செல்லூரில் கணினி மையம் நடத்தும் ஒருவன்
மதுரை