எந்த மீன் என்று எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மொரீஷியஸ் தீவின் உணவைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கோயில் விழாக்களில் வாழையிலையில் பரிமாறப்படும் ஏழு கறிகளைப் பற்றிக் கட்டுரையாளர் மனம் நிறைய எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் நான்கு புறமும் கடல் சூழ்ந்த இந்த ஊரின் மீன் சமையலுக்கு வந்ததும் "மீன் குழம்பு", "பொரித்த மீன்" என்று இரண்டு சொற்களோடு அவர் நகர்ந்துவிட்டார். எந்த மீன் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. எங்கள் கடற்கரை உணவகங்கள் பலவற்றின் உணவுப் பட்டியலிலும் இதே குறையைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருவதால்தான் இந்தக் கடிதத்தை எழுதத் துணிந்தேன்.

நான் தென்கிழக்குக் கரையிலுள்ள மாஹேபூருக்கு அருகில் ஒரு மீனவக் குடியிருப்பை ஒட்டிய தெருவில் பிறந்து வளர்ந்தவள். என் அம்மா "மீன் வாங்கி வாருங்கள்" என்று அப்பாவிடம் சொல்லி நான் கேட்டதே இல்லை. கொர்தோன்யே கிடைத்தால் வாங்குங்கள், இல்லையென்றால் காத்தோ, அதுவும் இல்லையென்றால் வெறுங்கையோடு வாருங்கள், கத்தரிக்காய் இருக்கிறது என்றுதான் சொல்வார். கொர்தோன்யே வந்தால் புளி கரைத்து, பச்சை மாங்காய் நறுக்கிப் போட்டுக் குழம்பு. கப்பித்தேன் வந்தால் நடுத்துண்டுகள் பொரியலுக்கு, தலை தக்காளியும் தைம் தழையும் போட்ட சாற்றுக்கு. வியேய் பெரிதாகக் கிடைத்த நாளில் கத்தரிக்காயோடு கெட்டிக் கறி. காத்தோவின் சதை மென்மையானது என்பதால் அதைக் கரண்டியால் கிளற யாரையும் அனுமதிக்க மாட்டார். சட்டியைத் துணியால் பிடித்து ஒருமுறை சுழற்றி இறக்குவார். எந்த மீன் என்று தெரியாமல் அடுப்பைப் பற்ற வைப்பது எங்கள் வீட்டில் நடவாத காரியம்.

இந்த மீன் பெயர்களெல்லாம் எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலின் பெயர்கள். தமிழ்ப் பெயர்கள் எங்களுக்கு முன் வந்த தலைமுறைகளிலேயே மறைந்துவிட்டன. பல ஆண்டுகளுக்கு முன் ராமேசுவரம் கோயிலுக்கு வந்திருந்தபோது பாம்பனில் மீன் விற்கும் இடத்துக்குச் சென்றேன். முதுகு நெடுக நச்சு முள் கொண்ட எங்கள் கொர்தோன்யேயின் உறவினை அங்கே ஒரு கூடையில் கண்டு பெயர் கேட்டபோது, விற்ற அம்மா "ஓரா" என்றார். வியேய் களவா, கப்பித்தேன் விளமீன், கராங் பாரை, மூலே மடவை என்று அன்று ஒரே காலையில் என் குறிப்பேட்டின் ஒரு பக்கம் நிறைந்தது. காத்தோவைக் காட்டியபோது "கிளிமீன்" என்றார்கள். கிரியோலில் காத்தோ என்றாலும் கிளிதான். அலகு போன்ற வாயும் பச்சை நிறமும் கொண்ட அந்த மீனை இரண்டு கரைகளிலும் மக்கள் ஒரே கண்ணால் பார்த்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

மீனின் பெயர்களைத்தான் இழந்தோமே தவிர, சட்டிக்குள் போகும் மற்றவற்றின் பெயர்களை நாங்கள் இழக்கவில்லை. இன்னும் சொல்லப்போனால் அவற்றைத் தீவு முழுவதற்கும் கொடுத்திருக்கிறோம். கறிவேப்பிலை இங்கே எல்லா இனத்தாருக்கும் கரிப்புலே, கொத்துமல்லி கொத்தோமிலி, முருங்கைக்கீரை ப்ரேத் முரும், பீர்க்கங்காய் பிப்பங்காய், ரசம் ரசோன். தக்காளியும் தைமும் சேர்த்துச் செய்யும் ருகாய் என்ற பதார்த்தத்தின் பெயரும் நம் ஊறுகாயிலிருந்து வந்ததுதான் என்று பலர் சொல்வதுண்டு. மசாலா அரைக்கும் அம்மியை ரோஷ் கரி, அதாவது கறிக்கல் என்பார்கள். அதன் மேல் உருளும் கல்லுக்கு பாபா, அதாவது குழந்தை என்று பெயர். தமிழில் குழவி என்பதற்கு அந்த இரண்டு பொருளும் உண்டு என்பதை வகுப்பில் நான் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் வியந்து போவார்கள்.

நண்டு கிடைக்கும் நாளில் மிளகும் பூண்டும் சீரகமும் அந்தக் கல்லிலேயே தட்டி, ஓட்டோடு நண்டை உடைத்துப் போட்டு, இறக்கும்போது முருங்கைக்கீரையைத் தூவி அம்மா வைக்கும் ரசத்தை, சளி பிடித்தவர் இருக்கும் வீடுகளிலிருந்து கேட்டு வாங்கிப் போவார்கள். விந்தாய் என்ற பதார்த்தமோ எங்கள் வீட்டில் விருந்தினருக்கென்றே செய்யப்படுவது. சூரை, மார்லின் போன்ற இறுகிய சதையுள்ள மீனைத்தான் அதற்கு எடுக்க வேண்டும். துண்டுகளைப் பொரித்தெடுத்து, அரைத்த கடுகு, மஞ்சள், பூண்டு, முழுச் சின்ன வெங்காயம், கீறிய பச்சை மிளகாய் ஆகியவற்றை எண்ணெயில் வதக்கி, வினிகர் ஊற்றி, மீனை அதில் புரட்டி மூடி வைத்துவிட வேண்டும். செய்த அன்று அது வெறும் மீன் வறுவல், மறுநாள்தான் விந்தாய். சுற்றுலாப் பயணிகளுக்கான உணவகம் ஒன்றில் மென்சதை மீனை வைத்து, செய்த சூட்டோடு இதைப் பரிமாறியபோது, அது மசிந்து மஞ்சள் கூழாகத் தட்டில் கிடந்தது. பட்டியலில் "மீன் விந்தாய்" என்று மட்டும் இருந்தது. மீனின் பெயரை எழுத வேண்டிய கட்டாயம் இருந்திருந்தால் அந்தச் சமையற்காரர் அதற்குரிய மீனைத் தேடியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

பெயரோடு பருவமும் சேர்ந்து வருகிறது. இங்கே அக்டோபர் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி முடியும்வரை பெரிய வலைகளைக் கொண்டு மீன் பிடிக்கத் தடை. தைப்பூசக் காவடிக்காகப் பத்து நாள் விரதமிருந்து, அது முடிந்து மீன் சமைக்கும் முதல் நாள் பெரும்பாலும் இந்தத் தடைக் காலத்துக்குள்தான் வரும். ஆகையால் அன்று எங்கள் சட்டியில் ஏறுவது தூண்டிலிலோ காசியே என்ற மூங்கில் கூட்டிலோ சிக்கிய மீன். கூட்டில் அகப்பட்ட மீன் வலையில் நசுங்கியிராது. செதில் உதிராமல், கண் தெளிந்து இருக்கும். விரதம் முடித்த நாவுக்கு அந்தக் கொர்தோன்யே குழம்பைப் போல் வேறொன்றை நான் இதுவரை சுவைத்ததில்லை.

ஊரித் என்று நாங்கள் சொல்லும் ஆக்டோபஸுக்கும் ஓய்வுக்காலம் உண்டு. எங்கள் நாட்டைச் சேர்ந்த ரோட்ரிக்ஸ் தீவில் 2012-இல் முதன்முதலாக அதைப் பிடிப்பதை ஒரு பருவத்துக்கு நிறுத்தி வைத்து, மறுபடி திறந்தபோது பெரிய ஊரித்துகள் கிடைத்ததைக் கண்ட பிறகு, 2016 முதல் மொரீஷியஸிலும் ஆகஸ்ட் 15 தொடங்கி அக்டோபர் 15 வரை தடை விதிக்கப்பட்டது. ஒரு செப்டம்பர் மாதத்தில், சென்னையிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் குடும்பத்தோடு கிழக்குக் கரையில் ஓர் உணவகத்துக்குப் போயிருந்தோம். ஊரித் கறி இருக்கிறது, இன்று காலை எதிரிலுள்ள கடலில் பிடித்தது என்று பரிமாறியவர் பெருமையாகச் சொன்னார். அது உண்மையானால் சட்டத்துக்கு விரோதம். பெட்டியில் உறைந்து வந்ததென்றால் அவர் சொன்னது பொய். நான் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ரோட்ரிக்ஸில் கம்புகளில் தொங்கவிட்டு உலர்த்திய ஊரித்தை ஊறவைத்துச் சமைத்தது என்று எழுதியிருந்தால் மகிழ்ச்சியோடு வாங்கி உண்டிருப்போம். அன்றிரவு வீட்டில் உலர்ந்த ஊரித்தை நெடுநேரம் வேகவைத்து, வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் பச்சை மிளகாயும் பிசறிக் கொடுத்தேன். நாத்தனார் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எங்கிருந்து வந்த மீன் என்று கேட்பது அநாகரிகம் என்று நினைப்பவர்களுக்கு 2020-ஐ நினைவூட்ட விரும்புகிறேன். அவ்வாண்டு ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற கப்பல் எங்கள் தென்கிழக்குப் பவளத்திட்டில் மோதி நின்றது. ஆகஸ்ட் 6 முதல் ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் கசிந்து கரையெங்கும் படிந்தது. கரும்புச் சருகைத் துணிகளில் அடைத்துத் தைத்து, எண்ணெயைத் தடுக்கும் மிதவைகளாக்கிக் கடலில் இறக்கியவர்களில் என் அண்ணன் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தக் கடற்பகுதியில் மீன் பிடிப்பது மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டது. அப்போது மாஹேபூர் திங்கட்கிழமைச் சந்தையில் எந்தக் கடல் மீன் என்று கேட்காமல் யாரும் வாங்கவில்லை. விற்பவர்களும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்கள். ஒரு பேரிடரின் பயனாகக் கற்ற அந்தப் பழக்கம் இன்று உணவகங்களில் தேய்ந்து வருவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

எல்லா இடமும் அப்படியில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வடக்கே கிராண்ட் கோபில் மூன்றே மேசைகள் உள்ள ஓர் எளிய கடையில், வாசலில் மாட்டிய கரும்பலகையில் அன்றைய மீனின் பெயரைச் சாக்குக்கட்டியால் எழுதியிருப்பார்கள். மீன் தீர்ந்துவிட்டால் பெயரை அழித்துவிட்டு ருகாய் என்று எழுதுவார்கள். கருவாட்டைத் தக்காளியில் வேகவைத்த அந்த ருகாயும் மிக நன்றாக இருக்கும். தென்னாப்பிரிக்கக் கடலிலிருந்து வரும் ஸ்னூக் கருவாடு என்று கேட்காமலேயே சொல்வார்கள். அங்கே சாப்பிட்டுவிட்டு வரும்போது என் அம்மாவின் கையால் உண்ட நிறைவு எனக்கு உண்டாகிறது.

ஆகவே தங்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான். தங்கள் இதழில் இனி வரும் மீன் சமையல் குறிப்புகளில் மீனின் பெயரைத் தவறாமல் குறிப்பிடுங்கள். மொரீஷியஸ் உணவுகளைப் பற்றி எழுதும்போது கிரியோல் பெயரையும் தமிழ்ப் பெயரையும் அருகருகே தாருங்கள். எங்கள் இளம் சமையற்காரர்களில் பள்ளியில் தமிழ் படித்தவர்கள் பலர் உண்டு. அச்சில் ஒருமுறை பார்த்துவிட்டால் தங்கள் உணவுப் பட்டியலிலும் எழுதத் தொடங்குவார்கள் என்று நம்புகிறேன். பாம்பனில் தொடங்கிய என் குறிப்பேட்டில் இப்போது இருபத்து மூன்று மீன்களின் பெயர்கள் இருக்கின்றன. எந்த மீன் எந்தச் சட்டிக்கு ஏற்றது என்று அம்மா சொன்னதையும் ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதி வைத்திருக்கிறேன். தாங்கள் விரும்பினால் அதைத் தெளிவாகப் படியெடுத்து அடுத்த தபாலிலேயே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ரோஸ்ஹில், மொரீஷியஸ்.