செல்டிக்ஸ் வீரர்கள் ஆடாமல் திரும்பிய நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் தங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான, அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட அணியான பொஸ்டன் செல்டிக்ஸின் வரலாற்றுக் கட்டுரையை, ஹட்டனுக்கு அருகே தோட்டப் பாடசாலையொன்றில் நீண்டகாலமாகக் கூடைப்பந்தாட்டம் பழக்கிவரும் ஆசிரியன் என்ற முறையில் ஆவலோடு வாசித்தேன். 1946இல் வோல்டர் பிரவுன் தொடங்கிய அந்த அணி 1959 முதல் 1966 வரை தொடர்ச்சியாக 8 முறை வாகை சூடியதும், 2024இல் தனது 18ஆவது கிண்ணத்தை வென்றதும் சரியாகவே எழுதப்பட்டிருந்தன. ஆனால், அந்தக் கிண்ணங்கள் எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிக்கும் ஒரு நாளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

1961 ஒக்டோபரில், கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகருக்கு, சென் லூயிஸ் ஹோக்ஸ் அணியுடனான காட்சிப் போட்டியொன்றுக்காக செல்டிக்ஸ் சென்றிருந்தது. விடுதியின் சிற்றுண்டிச்சாலைக்குப் போன செல்டிக்ஸ் வீரர்களான சாம் ஜோன்ஸுக்கும் டொம் சாண்டர்ஸுக்கும், கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணத்தால், உணவு பரிமாற மறுத்தார்கள். இதையறிந்த பில் ரசலும் ஏனைய கறுப்பின வீரர்களும் அவ்விருவரோடு சேர்ந்து, ஆட மறுத்து அந்த ஊரைவிட்டே வெளியேறினார்கள். எதிரணியின் கறுப்பின வீரர்களும் களமிறங்கவில்லை. வெள்ளையின வீரர்கள் மட்டுமே அன்றைய ஆட்டத்தை ஆடி முடித்தார்கள்.

இச்சம்பவம் என் மனத்தில் தைத்ததற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன், எங்கள் மாணவர்களை அயல் நகரமொன்றுக்குப் போட்டிக்கு அழைத்துச் சென்றபோது, அங்கிருந்த சாப்பாட்டுக் கடையொன்றில் "தோட்டத்துப் பிள்ளைகளா?" என்று கேட்டார்கள், மேசைகள் வெறுமையாகக் கிடந்தும் எங்களை வெளியே நிற்கவைத்தே தேநீர் தந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. தகரக் கூரையின் கீழ் ஒண்டிநின்று பிள்ளைகள் பணிஸைத் தேநீரில் தோய்த்துத் தின்றார்கள். ஒருவன் மட்டும், பந்து நனைந்துவிடாதிருக்க அதைச் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டிருந்தான். நான் காசைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் அவர்களை மைதானத்துக்குக் கூட்டிச் சென்றேன். பின்னாளில் லெக்சிங்டன் சம்பவத்தை வாசித்தபோது, அன்று நான் பேசாதிருந்தது என்னை வெகுவாக உறுத்தியது.

இந்த விடயத்தில் செல்டிக்ஸ் அணி பல இடங்களில் முன்நடந்திருக்கிறது. 1950இல் சக் கூப்பரைத் தெரிவுசெய்ததன் மூலம், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடரான என்.பி.ஏ.யின் வருடாந்தப் புதிய வீரர் தெரிவில் ஒரு கறுப்பின வீரருக்கு முதன்முதலில் இடமளித்தது அந்த அணியே. 1964 டிசம்பரில் ஐந்து கறுப்பின வீரர்களை ஒருசேர ஆட்டத்தைத் தொடங்கவைத்ததும், 1966இல் ரசலைப் பயிற்றுநராக்கியதும் அந்த அணியே. ஆயினும், அணிக்காக 13 பருவங்களில் 11 கிண்ணங்களை வென்று கொடுத்த அதே ரசலின் வீட்டை, பொஸ்டனை அடுத்த ரீடிங் நகரில், உடைத்துப் புகுந்தவர்கள் சுவர்களில் இனவெறி வசைகளை எழுதிவிட்டுப் போனார்கள். இவற்றையும் சேர்த்துச் சொல்லாமல் அந்த 11 கிண்ணங்களை மட்டும் எண்ணிக்காட்டுவது வரலாறாகாது என்பது என் உறுதியான கருத்து.

தங்கள் கட்டுரையை எங்கள் மாணவர்கள் வெட்டியெடுத்து வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். லெக்சிங்டன் நிகழ்வைத் தனிக் கட்டுரையாகவே வெளியிடுமாறு தயவுடன் வேண்டுகிறேன். அதற்கும் சுவரில் இடம் விட்டுவைத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
கூடைப்பந்தாட்டப் பயிற்சி ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.