பெரிய கண்மாய்க் குமிழித்தூம்புத் திருப்பணி: நிறைவு அறிக்கை

வட்டார வரலாற்று மன்ற உறுப்பினர்களுக்கும் ஆயக்கட்டுதாரர்களுக்கும் வணக்கம்.

கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் பழைய கல்மடைதான் குமிழித்தூம்பு; சுருக்கமாகக் குமிழி. பங்குனியில் தொடங்கிய அதன் திருப்பணி, ஆவணி பிறக்கும் முன்பே நல்லபடியாக முடிந்தது. கண்மாய்க்குள் குமிழியின் சாய்ந்து கிடந்த கல்தூணைத் தூக்கி நிறுத்தியதில், தூண்கள் இரண்டும் இப்போது நிமிர்ந்து நிற்கின்றன. கரைக்கு அடியில் தூர்ந்திருந்த சுரங்கக் காலில் தண்ணீர் ஓடுகிறது. தூணில் இருக்கும் எழுத்துகளுக்கு மைப்படி, அதாவது தாளில் மை ஒற்றிய படி, எடுத்தாயிற்று. அய்யனார் கோயில்காட்டின் மரங்களும் பறவைகளும் ஏட்டில் ஏறிவிட்டன. வரவு செலவுக் கணக்கு ரசீதுகளோடு ஊராட்சி நூலகத்தில் இருக்கிறது. யாரும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெயர் பெற்ற பழைய இடங்களுக்குக் குறைவில்லை. சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை எல்லாம் அரசின் காவலில் இருப்பவை. பொற்பனைக்கோட்டையில் 2021-இலும் 2023-இலும் அகழாய்வே நடந்தது. ஆனால் வயலோரத்திலும் கண்மாய்க்குள்ளும் தனியாக நிற்கும் கற்களுக்குக் காவலாள் கிடையாது. புதுக்கோட்டை மன்னராட்சிச் சமஸ்தானமாக இருந்த காலத்தில், 1929-இல், இந்தப் பகுதியின் கல்வெட்டுகளை ஊர் ஊராகத் தேடித் தொகுத்து அச்சிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் அதில் உண்டு. அரசர்கள் பெயருக்காக மட்டும் அதைப் புரட்டுகிறவர்கள், குளம் வெட்டியது, மடை வைத்தது, தண்ணீரைப் பங்கு பிரித்தது பற்றிய வரிகளையும் நின்று படிக்க வேண்டும். நம் ஊர் பிழைத்த கதை அந்த வரிகளில்தான் இருக்கிறது.

குமிழித்தூம்பு எப்படி வேலை செய்கிறது என்று திருப்பணியின்போது பலர் கேட்டார்கள். கண்மாய்த் தரையில் ஒரு கல்தொட்டி. அதன் மேல் பலகையில் ஒரு வட்டத் துளை, அது நீரோடி. தொட்டியின் பக்கச் சுவரில், தரையை ஒட்டிச் சிறு துளைகள், அவை சேறோடி. இரண்டு தூண்களுக்கு இடையில் இறங்கும் தண்டின் நுனியில் கூம்பு வடிவ மூடி. மூடியைத் தூக்கினால் மேல் துளை வழியே தண்ணீரும், அடித்துளைகள் வழியே வண்டல் கலந்த தண்ணீரும் தொட்டிக்குள் புகுந்து, சுரங்கக் கால் வழியாக வயலுக்குப் போகும். பாசனமும் நடக்கிறது, மடையடியில் தூரும் சேர்வதில்லை. அந்த வண்டல் வயலுக்கு எருவாகவும் ஆகிறது. ஒரே திறப்பில் இத்தனையும் நடக்கும்படி யோசித்தவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

பல வருடங்களுக்கு முன் வண்டல் அள்ளும்போது இயந்திரம் தட்டி மேற்குத் தூண் சாய்ந்தது. அப்புறம் குமிழியை யாரும் திறக்கவில்லை. உரிய அனுமதிகள் கிடைத்ததும், முதலில் தொட்டியைச் சுற்றி மண்வெட்டியும் கூடையும் கொண்டு கையால்தான் மண் எடுத்தோம். அது நல்லதாகப் போயிற்று. தொட்டிக்குள் இறுகிக் கிடந்த வண்டலைச் சுரண்டியபோது, பழைய கல் மூடியே உள்ளே இருந்தது. துளையின் விளிம்பில் எந்தப் பக்கம் தேய்ந்திருந்ததோ, மூடியிலும் அதே பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. தண்டு மட்டும் புதிது.

தூணை நிமிர்த்தியது கல்தச்சர்கள். முக்காலி கட்டி, சங்கிலிக் கப்பியில் தூக்கி, எழுத்துள்ள முகத்தில் தேங்காய் நார் மெத்தை வைத்துக் கட்டினார்கள். இணைப்புகளுக்குச் சிமெண்ட் வேண்டாம் என்று குழு உறுதியாக இருந்தது. சுண்ணாம்பு, மணல், செங்கல் தூள் மூன்றையும் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிக் கரைசலும் சேர்த்த சாந்துதான் பூசினோம். செங்கல் தூள் சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும். கல் கொஞ்சம் அசைந்தாலும் சுண்ணாம்பு தாங்கிக்கொள்ளும். பின்னால் பிரிக்க நேர்ந்தாலும் கல்லை உடைக்காமல் பிரிக்கலாம்.

தூணுக்கு வர்ணம் அடிக்க வேண்டும், படிக்கு டைல்ஸ் ஒட்ட வேண்டும், உபயதாரர் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டும் என்று சில உறுப்பினர்கள் அன்போடு கேட்டார்கள். மூன்றையும் குழு ஏற்கவில்லை. எத்தனையோ கோயில்களில் நல்ல எண்ணத்தோடு செய்த திருப்பணியாலேயே கல்வெட்டுகள் அழிந்திருக்கின்றன. கல்லைச் சுத்தம் செய்ய மணல் பீய்ச்சியதில் எழுத்து தேய்ந்தது, தரையை உயர்த்தியதில் கோயிலின் அடித்தளமான அதிட்டானம் புதைந்தது. நம் ஊரில் அது நடக்கக் கூடாது. உபயதாரர் பெயர்கள் எல்லாம் நூலகப் பதிவேட்டில் இருக்கின்றன.

மைப்படி எடுத்த காலையில் பள்ளிப் பிள்ளைகளும் கூடவே இருந்தார்கள். தண்ணீரும் மென்மையான தூரிகையும் மட்டும் கொண்டு கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கினோம். தாள் காயும் பக்குவத்தில் மை ஒற்றியதும், வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் ‘இக்குமிழி’ என்ற எழுத்துகள் வெள்ளையாகக் கிளம்பின. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுத்துக் கூட்டி அதைச் சத்தமாகப் படித்தது. மன்றம் தொடங்கியதிலிருந்து எங்களுக்கு இத்தனை மகிழ்ச்சி தந்த நாள் வேறு இல்லை.

கண்மாயின் மேற்கே செம்புராங்கல் மேட்டில் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளும் இரும்புக் கசடும் மேலாகவே கிடக்கின்றன. தோண்டிப் பார்க்கலாம் என்று இளைஞர்கள் ஆசைப்பட்டார்கள். கூடாது என்றோம். ஓடு எந்த அடுக்கில் கிடந்தது என்பது போய்விட்டால், கையில் இருப்பது வெறும் ஓடுதான். படம் எடுத்து, இடம் குறித்து, தொல்லியல் துறைக்கு எழுதியிருக்கிறோம்.

சரி, கோயில்காட்டுக்கு வருவோம். 2018 நவம்பர் 16-இல் வீசிய கஜா புயலில் பெரிய மரங்கள் பல போயின. வீரை, உலக்கைப்பாலை, காசான் போன்றவை சேர்ந்த இந்த உலர் பசுமைமாறாக் காடு (வறண்ட பகுதியிலும் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் காடு), சோழமண்டலக் கரையை ஒட்டிய மாவட்டங்களில் பெரும்பாலும் கோயில்காடுகளில்தான் மிச்சம் இருக்கிறது. திருமாலின் நிறத்துக்கு உவமை சொல்லும் காயாம்பூ, காசான் மரத்துப் பூதான். சுற்றிலும் தைலமரம் நிற்கும் ஊரில் இதைக் காப்பது கட்டாயம். புயலில் திறந்த இடங்களில், இதே காட்டு மரங்களின் விதையில் எழுந்த கன்றுகளையே நட்டோம். விழுந்த மரங்களை விற்கவில்லை. வண்டும் பல்லியும் அதில்தான் குடியிருக்கின்றன. பழைய மண்குதிரைகளுக்கும் பூச்சு வேலை எதுவும் செய்யவில்லை.

கண்மாய்க்குள் இருந்த சீமைக்கருவேலத்தை அகற்றினோம். நடுத்திட்டில் உள்ளவற்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறோம், அவற்றில் நத்தைகுத்தி நாரை கூடு கட்டுகிறது. அங்கே நட்ட நாட்டுக்கருவேலமும் நீர்மருதும் வளர்ந்த பிறகு பார்க்கலாம். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. கூடு இருக்கும் மாதங்களில் நம் கரையிலும் வெடியும் ஒலிபெருக்கியும் வேண்டாம் என்று ஊர்க்கூட்டத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆடியில் பெய்த மழையில் தொட்டி மூழ்கும் அளவு தண்ணீர் நின்றது. மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடும் ஊர் நீர்பாய்ச்சியை வைத்தே மூடியைத் தூக்கினோம். “மொதல்ல சேறுதான் வரும், பயப்படாதீங்க தம்பி” என்றார். அப்படியே கறுப்பாக வந்து, பிறகு தெளிந்தது. அவரிடம் இரண்டு இளைஞர்கள் இப்போது இந்த வேலையைக் கற்றுக்கொள்கிறார்கள்.

ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்ததும், குமிழி வழியாக எந்தெந்த வயலுக்கு எந்த முறையில் தண்ணீர் விடுவது என்று ஆயக்கட்டுக் கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும். பழைய நீர்முறை எழுதிய ஓலையோ நோட்டோ வீட்டில் வைத்திருப்பவர்கள் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். அங்கேயே படம் எடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தருவோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு