எந்த பிளேடு என்று கேட்டாயே

கோத்தகிரி,
தை மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பனி இன்னும் விடவில்லை.

நீ போனில் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஒரே பக்கம் கூருள்ள பிளேடு போடுகிற பழைய ஜெம் மைக்ரோமேட்டிக் ரேசரை வாங்கிவிட்டு, ஐந்து வகை ஒருபக்கப் பிளேடைக் குறித்து வைத்து, எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டாயே, அந்த மட்டுக்கும் சரி. அந்த ஐந்தில் இரண்டு உன் ரேசரில் ஏறவே ஏறாது. ஒன்று ஏறும், ஆனால் முகத்தில் படக்கூடாது. மிச்சம் இருக்கிற இரண்டைத்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஏறாதவை எவை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ‘ஒருபக்கப் பிளேடு’ என்பது ஒரே சாமானின் பெயர் இல்லை. அதில் மூன்று குடும்பம் உண்டு. ஜெம் வகை பிளேடுக்கு முதுகில் மடித்த தகட்டுப் பட்டை இருக்கும். ரேசரின் தலை அந்த முதுகைப் பிடித்துத்தான் பிளேடை முன்னால் தள்ளி நிறுத்துகிறது. இன்ஜெக்டர் பிளேடு முதுகு இல்லாத ஒடுக்கமான பட்டை. சின்ன டப்பாவிலிருந்து ரேசரின் பக்கவாட்டில் தள்ளி ஏற்றுவார்கள், புதியது உள்ளே போகும்போது பழையது மறுபக்கம் வெளியே வரும். மூன்றாவது ஆர்ட்டிஸ்ட் கிளப் வகை. ஜப்பானில் சலூன் கத்திக்கென்று செய்தது, ஜெம்மைவிட நீளம். நீ குறித்திருக்கும் ஃபெதர் புரொஃபெஷனல் இந்த மூன்றாம் குடும்பம். ஷிக் இன்ஜெக்டர் இரண்டாம் குடும்பம். இரண்டும் நல்ல சரக்குதான், ஆனால் உன் ரேசருக்கு இல்லை. முதுகில்லாத பிளேடை ஜெம் தலைக்குள் வைத்து மூடினால் பிடிமானம் இல்லாமல் அது ஆடும். ஆடும் பிளேடைப் போல முகத்தைக் கிழிப்பது வேறில்லை.

மூன்றிலும் பொதுவானது கனம். நம் தெருமுனைக் கடையில் விற்கும் இருபக்கப் பிளேடின் கனம் 0.1 மில்லிமீட்டர். ஜெம் பிளேடு ஏறக்குறைய 0.23 மில்லிமீட்டர், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். மற்ற இரண்டும் கால் மில்லிமீட்டரை ஒட்டியவை. இருபக்கப் பிளேடை ரேசர் வளைத்துப் பிடிக்கிறது, விறைப்பு அந்த வளைவில்தான் கிடைக்கிறது. ஒருபக்கப் பிளேடு வளையாமல் தன் கனத்தாலேயே விறைத்து நிற்கும். மோவாய்க் கட்டையில் முரட்டு முடியை வெட்டும்போது மெல்லிய பிளேடு லேசாக அதிரும், கனத்தது அதிராது. ஜெம்மில் ஷேவ் பண்ணியவர்கள் ‘ஒரே இழுப்பில் போச்சு’ என்பார்களே, அதற்குக் காரணம் இந்த விறைப்பு. கூர்மையில் ஜெம் பிளேடு நல்ல இருபக்கப் பிளேடைவிட ஒரு படி குறைவாகக்கூட இருக்கலாம்.

முகத்தில் படக்கூடாத அந்த ஒன்று, நூறு எண்ணிக்கை கொண்ட மலிவு டப்பா. படத்தில் பார்த்தால் அசல் ஜெம் மாதிரியே இருக்கும், முதுகுப் பட்டையும் உண்டு. அது கண்ணாடியில் ஒட்டிய பெயின்ட்டைச் சுரண்டவும் ஸ்டிக்கர் உரிக்கவும் செய்த சுரண்டி பிளேடு. விளிம்பை அந்த வேலைக்குத் தக்கபடி தடிப்பாகத் தீட்டியிருப்பார்கள், மேலே பூச்சும் கிடையாது. விற்கிறவனுக்கே இந்த வித்தியாசம் தெரியாமல் ‘ரேசர் பிளேடு’ என்று போட்டுவிடுவான். டப்பாவில் முகச்சவரத்துக்கு என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் விட்டுவிடு.

ஆக மிஞ்சுவது பூச்சுள்ள ஸ்டெயின்லெஸ் ஜெம்மும், பூச்சில்லாத கார்பன் ஜெம்மும்.

ஸ்டெயின்லெஸ் பிளேடு உருக்கில் சுமார் 13 சதவீதம் குரோமியம் இருக்கும், துருவைத் தடுப்பது அதுதான். விளிம்பின் மேல் டெஃப்லான் பூச்சு. தோலின் மேல் வழுக்கிக்கொண்டு போவதற்கும், முடியை இழுக்காமல் வெட்டுவதற்கும் அந்தப் பூச்சே பாதிக் காரணம். முனையில் இருக்கும் பூச்சு முதல் சில இழுப்பிலேயே பின்வாங்கிவிடும். அதனால்தான் சில பிளேடு முதல் ஷேவில் ஒரு மாதிரியும் இரண்டாவதில் சமாதானமாகவும் இருக்கும். முதல் ஷேவை வைத்துத் தீர்ப்பு எழுதாதே.

கார்பன் பிளேடு முதல் நாள் பளிச்சென்று வெட்டும். சிலருக்கு அது ஸ்டெயின்லெஸ்ஸைவிடப் பிடிக்கும். ஆனால் ஈரம் அதற்கு எமன். ரேசருக்குள்ளேயே விட்டு வைத்தால் மறுநாள் விளிம்பில் பழுப்புப் புள்ளி வந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத துருவே போதும், கூர் போய்விடும். ஆடி மாதம் இந்த மலைச் சாரலில் துணி காய நாலு நாள் ஆகிறது, கார்பன் பிளேடை ஒரு ராத்திரி வெளியே வைத்தால் கதை முடிந்தது. நீ இருக்கும் சென்னையின் உப்புக் காற்றும் அதற்கு ஒன்றும் சளைத்ததில்லை. வாங்கினால் ஐந்து பிளேடுக்கு மேல் வாங்காதே. ஒவ்வொரு முறையும் கழற்றி, அலசி, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் முக்கி எடுத்து, காற்றில் உலர்த்த வேண்டும். துண்டால் விளிம்பைத் துடைக்கவே கூடாது. துணி இழை ஒன்று மாட்டினாலும் விளிம்பு மடங்கும், ஸ்டெயின்லெஸ்ஸாக இருந்தால் பூச்சும் உரியும்.

இனி ஒப்பிடுகிற முறை. இதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். திங்கட்கிழமை ஒரு பிளேடு, புது சோப்பு; வெள்ளிக்கிழமை வேறு பிளேடு, மூன்று நாள் தாடி. பிறகு ‘இது மோசம், அது அருமை’ என்று முடிவு கட்டுகிறார்கள். மாற்றுவது பிளேடு ஒன்றாக மட்டும் இருக்கட்டும். அதே சோப்பு, அதே பிரஷ், அதே இரண்டு நாள் முடி, அதே நேரம். ஒவ்வொரு வகையிலும் இரண்டு பிளேடு எடுத்துக்கொள், ஒவ்வொன்றிலும் நாலு ஷேவ். இரண்டு எதற்கென்றால், ஒரே பொட்டலத்திலேயே ஒன்று ஆறு ஷேவ் தாங்கும், இன்னொன்று மூன்றாவதிலேயே இழுக்கும்.

அது ஏன் என்பதற்கு ஒரு நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. முடி உருக்கைவிட ஐம்பது மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் பிளேடு எப்படி மழுங்குகிறது என்று அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, 2020இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். விளிம்பு தேய்ந்து உருண்டு போவதைவிட, சின்னச் சின்னதாகச் சில்லு பெயர்கிறதாம். முடி சாய்ந்து வளைந்தபடி விளிம்பில் படும்போது, உருக்கின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் அது நடக்கிறது. பிளேடுக்குப் பிளேடு ஆயுள் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். உனக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது: முடியை நன்றாக ஊறவிடு. வெந்நீரில் முகம் கழுவி, நுரை போட்டு, இரண்டு மூன்று நிமிடம் பொறு. ஊறாத முடியில் எந்த பிளேடும் தோற்கும், அப்போது நீ ஒப்பிடுவது பிளேடை இல்லை, உன் அவசரத்தை.

ஒவ்வொரு ஷேவும் முடிந்ததும் ஒரு நோட்டில் மூன்றே விஷயம் எழுது. மோவாயில் இழுத்ததா, கழுத்தில் எரிந்ததா, படிகாரம் தடவியபோது எங்கே சுரீர் என்றது. படிகாரம் பொய் சொல்லாது. கண்ணாடியில் தெரியாத கீறலையும் அது காட்டிக் கொடுக்கும். மோவாயில் இழுத்தால் பிளேடு மழுங்கல், அல்லது முடி ஊறவில்லை. கழுத்தில் மட்டும் எரிந்தால் பெரும்பாலும் குற்றம் கையுடையது: அழுத்தியிருப்பாய், இல்லை முடிப் போக்கு தெரியாமல் எதிர்த்து இழுத்திருப்பாய். ரேசரின் ஒரே முனை போன இடமெல்லாம் எரிந்தால் பிளேடு கோணலாக உட்கார்ந்திருக்கலாம்.

அந்தக் கோணலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஜெம் ரேசரில் வரும் கோளாறில் முக்கால்வாசி அதுதான். கைப்பிடியின் அடிக்குமிழைத் திருகினால் மேல்மூடி திறக்கும். பிளேடை முதுகைப் பிடித்து உள்ளே விடு, விளிம்பில் கை வைக்காதே. முன் விளிம்பின் இரண்டு மூலையும் இரண்டு சின்னத் தடுப்புகளில் முட்டி நிற்க வேண்டும். மூடியபின் ரேசரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். விளிம்புக்கும் கீழ்ச்சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் அகலமாகத் தெரிந்தால் திறந்து மறுபடி வை. அப்படியும் சரியாகாவிட்டால், தடுப்பின் மூலையில் பழைய சோப்புக் கறை இறுகியிருக்கும். பாத்திர சோப்பும் பழைய பல் பிரஷும் போதும். அமிலத்தில் ஊறப்போடாதே, பித்தளை மேல் இருக்கும் முலாம் போய்விடும். கறையே இல்லாமலும் கோணினால் தடுப்பு தேய்ந்திருக்கிறது. அதற்கு எந்த பிளேடும் மருந்தில்லை, ரேசரைத்தான் மாற்ற வேண்டும்.

பிடிக்கிற கோணமும் வேறு. மேல்மூடியின் தட்டைப் பாகத்தைக் கன்னத்தில் படிய வை. பிறகு விளிம்பு தோலைத் தொடும் வரை கைப்பிடியை ஒரு நூல் கீழே இறக்கு. அவ்வளவுதான். ரேசரின் எடையே போதும், குட்டை இழுப்பாக இழு. ஜெம் சத்தம் போடும், ‘சரக் சரக்’ என்று. பயப்படாதே, கனத்த பிளேடு அப்படித்தான். அந்தச் சத்தம் மங்கி, முடி இழுபடுவது தெரிந்தால் பிளேடை மாற்று. பூச்சுள்ள ஸ்டெயின்லெஸ் நாலு முதல் ஏழு ஷேவ் வரை தாங்கினால் நியாயம். பத்து எடுத்தேன் என்று பெருமை பேசுகிறவன் கழுத்தைப் பார்த்துவிட்டு நம்பு.

தண்ணீர் விஷயம். உன் வேளச்சேரி போர் தண்ணீரில் நுரை சீக்கிரம் செத்துவிடும். பிரஷில் சோப்பை இன்னும் அரை நிமிடம் கூடுதலாகத் தேய்த்து எடு, அல்லது குடிக்கிற தண்ணீரில் நனை. இங்கே மலைத் தண்ணீர் உப்பில்லாத மென்னீர், கொஞ்சம் சோப்பிலேயே நுரை பொங்கும். ஆனால் குளிரில் தோல் சிலிர்த்து முடிக்கால் புடைக்கும், புடைத்த இடத்தில் பிளேடு கொத்தும். வெந்நீர் ஒற்றாமல் ஆரம்பிக்கக்கூடாது. அதனால் ஊருக்கு வரும்போது இங்கே பண்ணும் ஷேவை உன் நோட்டுக் கணக்கில் சேர்க்காதே.

செலவு கணக்கும் பார். ஜெம் பிளேடு வெளிநாட்டுச் சரக்கு, தபால் கூலியும் சேரும். பிடிக்கவில்லை என்றாலோ கட்டுப்படியாகவில்லை என்றாலோ பாதி பிளேடு போடுகிற ஒருபக்க ரேசர் இருக்கிறது. நம் சலூனில் செய்கிற வேலைதான்: இருபக்கப் பிளேடைக் காகித உறையோடு நீளவாக்கில் மடித்தால் படக்கென்று இரண்டாக உடையும். செவன் ஓ கிளாக், டோபாஸ் எதுவும் ஆகும், சில ரூபாயில் இரண்டு பிளேடு. உறையில் ஒட்டியிருந்த மெழுகுப் பொட்டு பிளேடின் நடுவில் இருந்தால் துடைத்து எடு, இல்லாவிட்டால் பிளேடு சமமாக உட்காராது. மெல்லிய பிளேடு என்பதால் ஜெம்மின் விறைப்பை எதிர்பார்க்காதே. பிடிப்புக்கு வெளியே எவ்வளவு குறைவாக நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு நல்லது.

என்றைக்காவது ஆர்ட்டிஸ்ட் கிளப் ரேசருக்குப் போனால், ஃபெதர் புரொஃபெஷனல் சூப்பரைத் தொடாதே. அதில் விளிம்பு கூடுதலாக வெளியே நிற்கும், கை பழகியவர்களுக்கானது. ஃபெதர் புரொஃபெஷனல் லைட் என்று இருப்பதில் ஆரம்பி.

இப்போதைக்குப் பூச்சுள்ள ஸ்டெயின்லெஸ் ஜெம் பத்து, கார்பன் ஐந்து வாங்கு. தேய்ந்ததைக் குப்பையில் போடாதே, குப்பை அள்ளுகிறவர் கை கிழியும். தகர டப்பா மூடியில் ஒரு கீறல் போட்டு, அதற்குள் போட்டு வை.

படிகாரக் கட்டி ஒன்று பார்சலில் வைத்திருக்கிறேன். தைலப் பாட்டில் அம்மா வைத்தது. அது சளிக்கு, ஷேவ் பண்ணின முகத்தில் தடவிவிடாதே.

அன்புடன்,
அப்பா