வயலில் யார் வேலை பார்த்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஏதென்ஸ், ஸ்பார்ட்டா ஒப்பீட்டுக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பழைய கிரேக்கத்துக்கு இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஏதென்ஸிடமிருந்து மக்களாட்சியையும் ஸ்பார்ட்டாவிடமிருந்து ஒழுங்கையும் நம் பள்ளிகள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அந்தக் கடைசி வரி பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். ஸ்பார்ட்டாவை நானும் அப்படித்தான் நடத்தினேன். ஏழு வயதில் தாயை விட்டுப் பிரியும் பையன், வருடம் முழுவதும் ஒரே மேலாடை, ஆற்றங்கரையில் கையாலேயே ஒடித்து வந்த நாணலில் படுக்கை. வகுப்பு மூச்சுவிடாமல் கேட்கும். ஒரு வருடம் பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சார், ஆம்பளைங்க எல்லாரும் வயசாகுற வரைக்கும் பயிற்சி, சண்டைன்னே இருந்தா, வயல்ல யாரு சார் வேலை பாத்தது?" என்று கேட்டாள். பாடநூலில் ஹெலட்டுகள் என்ற அடிமைகளைப் பற்றி ஒரு வரி இருந்தது. அதை வாசித்துக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அது தவறு என்று புரிய எனக்குப் பல வருடப் படிப்பு தேவைப்பட்டது. உங்கள் கட்டுரையிலும் ஹெலட்டுகளுக்கு அதே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது.

ஹெலட்டுகள் சந்தையில் வாங்கப்பட்ட வெளிநாட்டார் அல்லர். அவர்களில் பெரும்பகுதியினர் டைகெட்டஸ் மலைக்கு மேற்கே இருந்த மெசேனியா மக்கள். அவர்களும் கிரேக்கர்கள், கிரேக்க மொழி பேசியவர்கள். ஸ்பார்ட்டா அந்த நாட்டைப் பிடித்துக்கொண்டு, சொந்த மண்ணிலேயே அவர்களைக் குடியானவர்களாகக் கட்டிப்போட்டது. விளைச்சலில் பாதியை எசமானர்களுக்குக் கொடுத்தார்கள் என்று ஸ்பார்ட்டாவின் பழைய கவிஞர் டிர்ட்டேயஸே பாடியிருக்கிறார். கி.மு. 479இல் பாரசீகரை எதிர்த்து நடந்த பிளாட்டியா போருக்கு 5,000 ஸ்பார்ட்டர்கள் போனபோது ஆளுக்கு ஏழு பேர் வீதம் 35,000 ஹெலட்டுகள் கூடப் போனார்கள் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். இந்த விகிதத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொண்டால் ஸ்பார்ட்டாவில் மற்ற எல்லாமே விளங்கும்.

ஒவ்வோர் ஆண்டும் பதவியேற்கும் எபோர்கள் என்ற ஸ்பார்ட்டாவின் உயர் அதிகாரிகள் ஹெலட்டுகள் மீது முறைப்படி போர் அறிவிப்பார்கள். சொந்த நாட்டில் உழுதுகொண்டிருப்பவர்கள் மீது! ஒரு ஹெலட்டைக் கொன்றால் கொலைப்பாவம் ஒட்டக்கூடாது என்பதற்காகவே அந்த அறிவிப்பு. இளைஞர்களில் சிலரைக் குத்துவாளும் கொஞ்சம் உணவும் கொடுத்து அனுப்புவார்கள். பகலில் பதுங்கியிருந்து இரவில் வெளியே வந்து, கையில் கிடைத்த ஹெலட்டுகளைக் கொல்ல வேண்டும். நாம் மெச்சும் அந்தப் பயிற்சியின் மேல்படி இது.

இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதியிருக்கும் ஒரு நிகழ்ச்சியைப் படித்த நாளில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். போரில் ஸ்பார்ட்டாவுக்காக நன்றாக உழைத்ததாக நினைக்கும் ஹெலட்டுகள் முன்வரலாம், அவர்களுக்கு விடுதலை கிடைக்கும் என்று அறிவிக்கிறார்கள். துணிந்து முன்வருகிறவன்தான் நாளை கிளர்ச்சியிலும் முன்நிற்பான் என்பது உள்ளே இருந்த கணக்கு. சுமார் 2,000 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் தலையில் மாலை சூடிக் கோயில் கோயிலாகச் சுற்றி வருகிறார்கள், விடுதலை கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில். கொஞ்ச நாளில் அத்தனை பேரையும் காணவில்லை. ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார் என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று. ஸ்பார்ட்டாவின் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை ஹெலட்டுகளிடமிருந்து தற்காத்துக்கொள்ளவே இருந்தன என்றும் அவர் அங்கேயே சொல்கிறார். கட்டுரையாளர் ஒழுங்கு என்று கண்டதை நான் பயம் என்றே படிக்கிறேன். ஊரே பாசறையாக இருந்தது பக்கத்து வயலில் இருந்தவர்களுக்காக.

ஸ்பார்ட்டாவைச் சர்வாதிகாரம் என்று கட்டுரை சொல்வதும் சரியில்லை. அங்கே இரண்டு குடும்பங்களிலிருந்து இரண்டு அரசர்கள், ஒருவருக்கொருவர் கடிவாளம். அறுபது வயது கடந்த 28 பேரும் அரசர்கள் இருவரும் சேர்ந்தது மூப்பர் அவை. ஆண்டுக்கொரு முறை தேர்ந்தெடுக்கப்படும் ஐந்து எபோர்கள் அரசரையே விசாரணைக்கு இழுக்கலாம். அரசரும் எபோர்களும் மாதாமாதம் ஒருவருக்கொருவர் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். மக்கள் அவையும் இருந்தது. மூப்பர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை விசித்திரமானது. வேட்பாளர்கள் ஒவ்வொருவராக அவை நடுவே நடந்து போக, பக்கத்து அறையில் அடைபட்டிருக்கும் நடுவர்கள் யாருக்குக் கூச்சல் அதிகம் என்று குறித்துக்கொள்வார்கள். அரிஸ்டாட்டிலுக்கு இது சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. ஆனாலும் சர்வாதிகாரி என்று சுட்ட அங்கே ஒருவரும் இல்லை. ஒருவருக்கொருவர் சமம் என்று சொல்லிக்கொண்ட ஒரு சிறு கூட்டம் மற்ற எல்லோரையும் ஆண்டது.

அந்தக் கூட்டமும் தேய்ந்துகொண்டே போனது. குடிமக்கள் சேர்ந்து சாப்பிடும் பொதுப் பந்திக்கு மாதந்தோறும் தானியம், மது, பாலாடைக்கட்டி என்று பங்கு கட்ட முடியாதவனுக்குக் குடியுரிமை போய்விடும். நிலம் சிலர் கையில் சேரச் சேர, பங்கு கட்ட முடியாதவர்கள் பெருகினார்கள். கி.மு. 371இல் லியூக்ட்ராவில் தீப்ஸ் என்ற இன்னொரு கிரேக்க நகரத்தின் படையை எதிர்த்து நின்ற ஸ்பார்ட்டக் குடிமக்கள் 700 பேர்தான், அதில் 400 பேர் விழுந்தார்கள். அந்த இழப்பிலிருந்து ஸ்பார்ட்டா பிறகு எழவே இல்லை.

சரி, ஏதென்ஸுக்கு வருகிறேன். அங்கே தேர்தலால் மக்களாட்சி நடந்தது என்று கட்டுரை எழுதுகிறது. பத்துத் தளபதிகளையும் சில பதவிகளையும் விட்டால் மற்றதெல்லாம் சீட்டுக் குலுக்கல்தான். 500 பேர் அவைக்கு ஆள் எடுப்பதும் குலுக்கல், நீதிமன்றத்தில் உட்காருவதும் குலுக்கல். அந்த அவையின் தலைவர் பதவி ஒரு பகலும் ஓர் இரவும் மட்டும், வாழ்நாளில் ஒருமுறைக்கு மேல் கிடைக்காது. தேர்தல் என்றால் பணக்காரனும் பெயர் பெற்றவனும் ஜெயிப்பான், குலுக்கலில்தான் எல்லோரும் சமம் என்பது அவர்கள் எண்ணம். பதவி முடிந்ததும் கணக்கு ஒப்படைத்தாக வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்ல வரும் ஏழைக்கு நாளொன்றுக்கு முதலில் இரண்டு ஓபல் (சிறு வெள்ளிக்காசு), பிறகு மூன்று ஓபல் படிப்பணம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும்.

ஆனால் அந்த மாணவியின் கேள்வியை ஏதென்ஸிடமும் கேட்க வேண்டும். ஏதென்ஸின் லாரியம் வெள்ளிச் சுரங்கங்களில் குனிந்து ஊர்ந்து வேலை செய்தவர்கள் அடிமைகள். தளபதி நிக்கியாஸ் 1,000 அடிமைகளைச் சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டு, ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் ஓபல் வாங்கினார். கி.மு. 413இல் ஸ்பார்ட்டர்கள் ஏதென்ஸுக்குப் பக்கத்தில் டெக்கெலியாவில் கோட்டை போட்டதும் ஏதென்ஸிலிருந்து 20,000க்கும் மேற்பட்ட அடிமைகள் ஓடிப்போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் கைத்தொழில் தெரிந்தவர்கள். ஹெலட்டுகளை வைத்திருந்த ஸ்பார்ட்டாவின் பக்கம் ஓடுவதே மேல் என்று அத்தனை பேர் நினைத்திருக்கிறார்கள்.

பெண்கள் நிலையில் ஒப்பீடு தலைகீழாகிறது. ஸ்பார்ட்டாவில் நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள் கையில் இருந்ததாக அரிஸ்டாட்டில் குறைபட்டுக்கொள்கிறார். அரசரின் சகோதரி கைனிஸ்கா தன் குதிரைகளால் ஒலிம்பிக் தேர்ப்பந்தயத்தில் இரண்டு முறை வென்றாள். ஏதென்ஸ் பெண்ணோ ஒரு மூட்டை வாற்கோதுமை மதிப்புக்கு மேல் தானாகக் கொடுக்கல் வாங்கல் செய்ய முடியாது. ஸ்பார்ட்டப் பெண்ணின் அந்தச் சுதந்திரத்துக்கும் மெசேனிய வயல்கள்தான் படியளந்தன.

இவ்வளவுக்குப் பிறகும் என் மனம் ஏதென்ஸ் பக்கம்தான் சாய்கிறது. காரணம், கி.மு. 427இல் நடந்த ஒன்று. ஏதென்ஸுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்த மிட்டிலினி நகரத்தின் ஆண்களையெல்லாம் கொல்ல ஏதென்ஸ் மக்கள் அவை தீர்மானித்துக் கப்பலும் அனுப்பிவிட்டது. மறுநாள் காலையில் மனம் உறுத்த, மறுபடி கூடினார்கள். கிளியோன் கொல்லத்தான் வேண்டும் என்றார், டயோடோட்டஸ் மறுத்தார். சொற்ப வாக்கில் தீர்மானம் மாறியது. இரண்டாவது கப்பலின் ஆட்கள் துடுப்பை விடாமல், மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த மாவைத் தின்றுகொண்டே வலித்தார்கள், முறை வைத்துத் தூங்கினார்கள். முதல் ஆணையைத் தளபதி வாசித்து முடித்த நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அப்போதும் கிளர்ச்சித் தலைவர்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். பதினொரு ஆண்டுகள் கழித்து மெலோஸ் தீவின் ஆண்களை ஏதென்ஸ் கொன்றபோது அப்படி ஓர் இரண்டாம் கப்பலும் வரவில்லை. ஆனாலும் நேற்று எடுத்த முடிவு தவறு என்று பொது இடத்தில் எழுந்து சொல்லவும், அதைக் கேட்டு ஊர் மனம் மாறவும் அங்கே வழி இருந்தது. மாலை சூடிய அந்த 2,000 பேருக்காகப் பேச ஸ்பார்ட்டாவில் அப்படி ஒரு மறுநாள் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் படமும், ஸ்பார்ட்டா வீரன் சிலைப் படமும் போட்டிருந்தீர்கள். இந்தத் தொடர் தொடர்ந்தால் மெசேனே நகர மதிலின் படத்தையும் போடுங்கள். லியூக்ட்ராவுக்குப் பிறகு, கி.மு. 369இல் தீப்ஸ் தளபதி எபமினோண்டாஸ் துணையோடு, விடுதலையான ஹெலட்டுகளும் ஊர் ஊராகச் சிதறிப்போயிருந்த மெசேனியர்களும் கூடிக் கட்டிய நகரம் அது. குழல் இசை ஒலிக்கக் கல் அடுக்கினார்களாம். மதிலின் சுற்று ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். அதன் வடக்கு வாசலும் சில கோபுரங்களும் இன்றும் நிற்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல்