நீல லொறிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

மட்டக்களப்பு களுவாஞ்சிகுடியில் எங்கள் வளவு வாசலில் நிற்கும் நீல நிற பெட்போர்ட் லொறியைக் கண்டவர்கள் "ஆர் செய்தது?" என்று கேட்கிறார்கள். நான் என்று சொல்ல வாய் வருவதில்லை. நான் வாங்கினேன், கடன்பட்டேன், ராவில் நித்திரை முழித்தேன். செய்தவர்கள் வேறு ஆட்கள். பெயர் போட்டால் சண்டைக்கு வருவோம் என்று அவர்களில் பாதிப்பேர் சொல்லிவிட்டதால் முறை சொல்லியே நன்றி எழுதுகிறேன்.

முதலில் வெல்லாவெளிப் பக்கத்துச் செங்கல் சூளை ஐயா. ஆமி கழித்து ஏலம் போட்ட லொறியை வாங்கி, கல் ஏற்றி, எஞ்சின் இறுகியதும் மருத மரத்தின் கீழ் விட்டவர். பழைய இரும்புக்காரர் எத்தனையோ தரம் தராசோடு வந்தும் கொடுக்கவில்லை. "வெட்டுறதுக்கு எண்டா தரமாட்டன், ஓட்டுறதுக்கு எண்டா கொண்டு போ" என்றார். பெட்போர்ட் ஆர்.எல். வகை அது. 1953 முதல் 1969 வரை இங்கிலாந்தில் செய்தது, நாலு சில்லும் இழுக்கும். பின்னால் இரட்டைச் சில்லு இல்லாததைக் குறை என்று நினைத்திருந்தேன். முன்சில்லு போன தடத்திலேயே பின்சில்லும் போனால் மணலிலும் சேற்றிலும் சில்லை மறிக்கிற தடை குறையும் என்று ஐயாதான் விளங்கப்படுத்தினார்.

வாவியைக் கடக்கிற குருமண்வெளிப் பாதையில், அந்த மிதவையில், ஏற்றுவதை நினைத்தும் பார்க்க ஏலாது. வெள்ளாமை வெட்டு முடிந்த கையோடு இரண்டு மெசி டிரக்டரைக் கொண்டு வந்து, பட்டிருப்புப் பாலத்தால் விடியப்புறம் இழுத்துத் தந்த தம்பிமார் டீசல் காசு மட்டும் வாங்கினார்கள். சண்டைக் காலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு அடையாள அட்டையை நீட்டிய பாலம். அதிலே ஒரு ஆமி லொறியைக் கயிறு கட்டி நாங்கள் இழுத்துப் போனோம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பழைய பெற்றோல் எஞ்சின் கிட்டத்தட்ட 5 லீற்றர் கொள்ளளவு. 2022 இல் எரிபொருள் கியூவில் நின்ற எவனும் அதைத் திரும்ப ஏற்ற மாட்டான். அக்கரைப்பற்றில் அரிசி ஆலை ஒன்றின் செத்துப்போன ஜெனரேற்றரில் இருந்து பெர்கின்ஸ் 6.354 டீசல் எஞ்சின் கிடைத்தது. எனக்கு அது புதிது. எங்கள் மெசி மெக்கானிக் அண்ணைக்கு இல்லை. "மெசி 135 இல இருக்கிறது 3.152. மூண்டு சிலிண்டர், 152 கன அங்குலம். இது ஆறு சிலிண்டர், 354. ரெண்டு மெசிக்கும் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் தம்பி" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைப் போட்டார். வாழ்நாளெல்லாம் வயல் வட்டையில் டிரக்டர் திருத்திய மனிசன். டீசல் பைப்பில் காற்று நின்றதைக் காதாலேயே பிடித்தார்.

சம்மாந்துறை லேத் காக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பெர்கின்ஸ் எஞ்சினும் பெட்போர்ட் கியர்பொக்ஸும் நேராகப் பொருந்தாது, நடுவில் ஒரு இரும்புத் தட்டு கடைந்து வைக்க வேண்டும். மையம் ஒரு மயிரிழை விலகினாலும் கியர்பொக்ஸின் முன் பெயாரிங் கொஞ்ச நாளில் தூளாகிவிடும். முதல் தட்டை அவரே தூக்கி எறிந்தார். இரண்டாவது எனக்குச் சரியாகத்தான் பட்டது. மயிரிழை விலகலையும் ஊசியில் காட்டும் டயல் கேஜைப் பிடித்து, எஞ்சின் சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசி ஆடுவதைக் காட்டி அதையும் எறிந்தார். மூன்றாவது தட்டு நோன்பு மாதத்தில். தறாவீஹ் தொழுதுவிட்டு வந்து ராவில் கடைந்தார், நான் கஞ்சிக் கோப்பையோடு பக்கத்தில் குந்தியிருந்தேன். இரும்பின் விலையை மட்டும் எடுத்தார். காக்கா, கூலி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி பிரேக் கப் வாஷர் தேடி, இரவு ரயிலில் சோற்றுப் பையோடு கொண்டு வந்த மருமகனுக்கும், எஞ்சின் இலக்கம், நிறம் மாற்றும் பத்திரங்களை மூன்று தரம் பொறுமையாகச் சொல்லித் தந்த உத்தியோகத்தர் தங்கச்சிக்கும் நன்றி. அந்த வாஷர் வருவதற்கு முதலே நான் லொறியை ஸ்டார்ட் பண்ணி ஒரு அடி நகர்த்திப் பார்த்தது என்னுடைய மடத்தனம். ஒரு அடி பக்கத்து வளவு மாமியின் வேலிவரைக்கும் போனது. இரண்டு தென்னையோலைக் கிடுகு வரிசையும் ஒரு முருங்கையும் போயின.

மாமி வேலியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. லொறியின் கதவில் உரிந்து கிடந்த பச்சையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். "மனே, இந்த நிறத்தில இது என்ட வாசலுக்கு நேர நிக்கப்படாது." ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அதைக் கேட்க வேண்டியதில்லை. பழைய இராணுவ வாகனம் என்றால் அதே பச்சையில் வைத்திருப்பதுதான் அழகு என்று இந்தப் பொழுதுபோக்குக்காரர் பலர் நினைப்பார்கள். நானும் டின் வாங்கித்தான் வைத்திருந்தேன். அதைத் திருப்பிக் கொடுத்தேன். ஓந்தாச்சிமடத்தில் வள்ளத்துக்குப் பெயின்ற் அடிக்கும் அண்ணன் துருவைச் சுரண்டி, ரெட் ஒக்சைட் இரண்டு பூச்சு இழுத்து, மேலே வள்ளத்து நீலம் அடித்தார். உப்புக் காற்றைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

பின்பெட்டியில் தண்ணீர்த் தாங்கியும் பம்பும் வைக்கும் யோசனை லண்டன் மச்சானுடையது. இதே ஆர்.எல். வகையில் இங்கிலாந்தில் துணைத் தீயணைப்புப் படைக்கு வண்டி செய்தார்களாம், பட்டப்பெயர் 'பச்சைத் தேவதை'. தீயணைப்பு வீரர்கள் 1977 இலும் 2002 இலும் வேலைநிறுத்தம் செய்தபோது அந்தக் கிழட்டு வண்டிகளைத்தான் இறக்கினார்கள். படம் அனுப்பி, தாங்கிக்குக் காசும் அனுப்பினான். தேவதையைப் பச்சையில் விட மாமி சம்மதிக்கவில்லை என்று பதில் எழுதினேன்.

ஆடிவேலுக்குக் கதிர்காமம் நடந்து போகிறவர்களுக்குப் பாணமையில் இருந்து உகந்தை வரை தண்ணீர் கொண்டுபோனதுதான் முதல் ஓட்டம். கிரவல் ரோட்டில் முன்சில்லுக்கும் இழுவை கொடுத்தேன். தார் ரோட்டுக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும் என்று மறந்துபோனவனை, ஸ்டியரிங் இறுகுவதைக் கண்டு உலுக்கிய கிளீனர் பையனுக்கும் நன்றி. உகந்தையில் தாங்கியடியில் முதல் கோப்பையைப் பிடித்துக் குடித்தது மாமிதான். முன்சீற்றில், காலுக்கடியில் வெற்றிலைத் தட்டத்தோடு எங்களோடு வந்திருந்தார்.

இடதுபக்க முன் ஹப்பில் எண்ணெய் கசிகிறது. இருபது அங்குல றிம்முக்குப் பூட்டு வளையம் ஒன்றும் தேவை, யாரிடமாவது கிடந்தால் சொல்லுங்கள். மாமி, கிடுகு வந்துவிட்டது. வேலி இந்தச் சனிக்கிழமை.